நான்காவது துணைத்தேற்றமும் ஒரு தேயிலை மலையும்

யாழ்ப்பாணத்தில் நான் படிப்பிக்கும் துறையில், செயற்குறி முன்னுரிமை இலக்கணம் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மரியாதைக்கு ஆட்டுவது அது. அடுத்த கேள்வி வராது. எனக்குத் தெரிந்து அடுத்த கேள்வி கேட்கும் ஒரே ஆள் கடல் தாண்டி, பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளியில் இருந்தாள். பெயர் ஜெசிந்தா. அங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். மூன்று வருடமாகத் திரையில் முகம் பார்த்துப் பேசி, இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியாயிற்று. நான்காவது துணைத்தேற்றத்தின் நிறுவலை இன்னும் விளக்கமாக எழுதும்படி அவர்கள் கேட்டிருந்தார்கள். அருகருகே உட்கார்ந்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்து, மார்ச் மாதத்தில் நான் கிளம்பினேன்.

எலப்புள்ளியில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பனை. வரப்பெல்லாம் பனை. கணவாய் வழியாக வரும் காற்று ஓலைகளை உரசும் சத்தம் அப்படியே எங்கள் ஊர்ச் சத்தம். மனம் ஒரு கணம் ஏமாந்துபோயிற்று.

வீட்டுச் சொந்தக்காரி மயிலாத்தா கேட்டைத் திறந்தார். ஜெசிந்தா மாடியில் குடியிருந்தாள்.

“ஜெசி டீச்சர் இல்லீங்களே. அவீங்க அப்பாருக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சுங்க. எஸ்டேட்டுல வழுக்கி உழுந்துட்டாருங்களாம். மலைக்குப் போயிட்டாங்க. நீங்க வருவீங்கன்னு சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுத்தானுங்க போனாங்க.”

“எப்ப போனவ அம்மா?” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங்க, நீங்க மலையாளத்துக்காரங்களா?”

“இல்லையம்மா, நான் தமிழ்தான். யாழ்ப்பாணத்தில இருந்து வாறன்.”

“பேச்சு அப்படித்தானுங்க இருக்குது” என்றார். நம்பியதாகத் தெரியவில்லை.

அவருடைய போனில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். குரல் விட்டு விட்டுக் கேட்டது. தம்பி வளைகுடாவில் இருக்கிறான், அம்மா இல்லை, அப்பாவைத் தனியே விட முடியாது என்றாள். “ரெண்டு மூணு நாள்ல வந்துருவேன்க்கா. அங்கேயே இருங்க. அரிசி டப்பாவுல இருக்கு.” அதோடு இணைப்புப் போய்விட்டது.

அவள் வீட்டில் அவள் இல்லாமல் நான் இருந்தேன். இது ஒரு விசித்திரமான தனிமை. திரையில் அவளுக்குப் பின்னால் எப்போதும் தெரியும் நீலச் சுவரும் மாதா படமும் அங்கே இருந்தன. நான் பார்த்தே இராத எதிர்ச் சுவரில் ஒரு வெண்பலகை. அதில் எங்கள் முன்னுரிமை அட்டவணை பாதி அழிந்து கிடந்தது. காலையில் புட்டு அவித்தேன். நீளக் குழாயில் அவிந்த புட்டை எதிரில் வைத்தபோது, சம்பல் இல்லாமல் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழ்வீட்டிலிருந்து மயிலாத்தா ஒரு கிண்ணம் கடலைக் குழம்பு அனுப்பினார். நின்றபடியே சாப்பிட்டேன்.

எங்கள் வேலை என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். மூன்று கூட்டல் நான்கு பெருக்கல் இரண்டு என்று எழுதினால் பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டல் குறி பெருக்கல் குறிக்கு வழிவிடுகிறது. எந்த இரண்டு குறிகள் அடுத்தடுத்து வந்தாலும் மூன்றில் ஒன்றுதான் நடக்கும்: முன்னது வழிவிடும், அல்லது முன்னது முந்தும், அல்லது இரண்டும் சமம், ஒரே கட்டில் சேர்ந்து நிற்கும். இந்த மூன்றையும் ஓர் அட்டவணையில் எழுதிவிட்டால், அது ஒரு மொழியின் எலும்புக்கூடு. கணினிக்கு எழுதும் மொழிகளில் பல இந்தக் குடும்பத்துக்குள் அடங்கும். இக்குடும்பத்தின் அழகு, வாக்கியத்தை எந்த இடத்திலிருந்தும் படிக்கத் தொடங்கலாம் என்பது. நீளமான பிரதியைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தால், ஒவ்வொருவரும் தன் துண்டில் முடிந்ததைக் கட்டி வைப்பார்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்துக் குறியைப் பார்த்தால் போதும். தொடக்கம் தெரியத் தேவையில்லை.

முரண்படாத இரண்டு அட்டவணைகளை ஒன்றாக்கினால், அந்த இரண்டு மொழிகளின் சேர்க்கையும் அவை இரண்டிலும் அடங்காத மிச்சமும் அதே குடும்பத்தில்தான் விழும் என்பது, ஒரு நிபந்தனையோடு, முன்பே நிறுவப்பட்டது. அந்த நிபந்தனை தேவையில்லாத ஒரு பெரிய குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதுதான் எங்கள் கட்டுரை. எல்லாப் பாரத்தையும் நான்காவது துணைத்தேற்றம் தாங்கிக்கொண்டு நின்றது.

இரண்டு நாள் அதை அந்த வெண்பலகையில் எழுதினேன், அழித்தேன். ஆறாவது வரியிலிருந்து ஏழாவது வரிக்கு எப்படி வந்தோம் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஏழாவது வரியை எழுதியவள் ஜெசிந்தா. அவளைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

என் கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. புது இணைப்பு எடுக்கப் பாலக்காடு நகரத்துக்குப் போக நினைத்தேன். பஸ்ஸின் பலகை மலையாளத்தில் இருந்தது. “பாலக்காடு போகுமோ?” என்று கேட்டேன். நடத்துநர் ஏதோ நீளமாகச் சொன்னார். ஓம் என்று தலையாட்டி ஏறினேன். என் கேள்வி அட்சரம் பிசகாமல் மலையாளமாக இருந்ததும், அவர் சொன்னது ‘அதற்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும், இது முதலமடைக்குப் போகிறது’ என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலமடையில் வெயில் மண்ணிலிருந்து எழும்பி வந்தது. கண்ணுக்கு எட்டிய வரை மாந்தோப்பு. அதற்குப் பின்னால் நீல மலை. திரும்பிப் போகும் பஸ் வர நேரமாகும் என்றார்கள். மாங்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் உட்கார இடம் கொடுத்தார்கள். லாரிக்குக் காத்திருந்த தோப்புக்காரர் ஒருவர், கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தார்.

“என்ன சோலியா வந்தீங்க?”

“மொழிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறன்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படிங்களா! எத்தன பாஷை தெரியுமுங்க?”

“தமிழும் இங்கிலீசும்.”

“ரெண்டுதானுங்களா” என்றார். அந்த ஏமாற்றம் உண்மையானது. இன்னொரு துண்டு மாங்காயை நீட்டினார்.

நான் சொல்லும் மொழிகளில் யாரும் பேசுவதில்லை, அவற்றில் அம்மா என்ற சொல்லோ மாங்காய் என்ற சொல்லோ இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். பக்கத்தில் கூடைமேல் இருந்த பெண் போனில் மலையாளத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: “நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன், அதற்கு மட்டும் பதில் சொல்.” அது எனக்குப் புரிந்தது. விளக்கத்தை விட்டுவிட்டு மாங்காயைத் தின்றேன்.

ஜெசிந்தா வரவில்லை. நாளை என்றாள், மறுபடி நாளை என்றாள். நான் இருந்த மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே துணை. ஒரு காலையில் மயிலாத்தாவிடம் சாவியைக் கொடுத்தேன்.

“மலைக்கே போயிட்டு வாறன் அம்மா.”

“போங்க கண்ணு. அந்தப் புள்ளயும் ஒத்தையிலதானுங்க கெடக்குது” என்றவர், வழியில் தின்ன முறுக்குக் கட்டிக் கொடுத்தார். போகிற இடத்தில் குளிரும் என்று தன் சால்வையையும் என் தோளில் போட்டார்.

வண்டிப்பெரியாற்றுக்கு மேலே, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, ஜீப் என்னை இறக்கிவிட்டது. தகரக் கூரை போட்ட நீண்ட வரிசை வீடு. அதை அவர்களும் லயம் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் நாட்டு மலைநாட்டிலும் அதே சொல். வாசலில் ஒரு பெண் கம்பளியை உதறிக்கொண்டிருந்தாள். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். என்னைக் கண்டதும் கம்பளியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா” என்றாள்.

மூன்று வருடம் பேசிய இரண்டு பேர், நேரில் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் பாலில்லாமல் சீனி மட்டும் போட்ட கட்டன் சாயாவைக் குடித்தோம். வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

அவள் அப்பா மரியசெல்வம் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இலங்கையிலிருந்து வருகிறேன் என்றதும் கழுத்தை மட்டும் திருப்பினார்.

“எங்க ஐயாவோட தம்பி ஒருத்தரு அங்கிட்டுப் போனாருத்தா. தேயிலைக்குத்தேன். போனவரு போனவருதேன். நீங்க எந்த எஸ்டேட்டுப் பக்கம்?”

“எங்கட ஊரில தேயிலை இல்லை ஐயா. பனைதான்.”

“பனையா?” என்று யோசித்தார். “அப்ப அவரப் பாத்திருக்க மாட்டீக.”

இரவுச் சாப்பாட்டுக்குக் கப்பைக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும். புளி தூக்கலாக இருந்தது, எங்கள் வீட்டுக் குழம்பு மாதிரியே. அப்படிச் சொன்னேன். ஜெசிந்தா முதன்முறையாகச் சிரித்தாள்.

மறுநாள் காலை குழாயடியில் அப்பாவின் விரிப்புகளைத் துவைத்தாள். நான் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறு முனையைப் பிடிக்க, முறுக்கிப் பிழிந்தோம். இதுதான் நேரம் என்று நான் தொடங்கினேன்.

“ஜெசி, நாலாவது துணைத்தேற்றத்தில ஆறாம் வரிக்குப் பிறகு ஏழாம் வரி எப்பிடி வருது? எனக்குப் பிடிபடேல்லை.”

அவள் முறுக்குவதை நிறுத்திவிட்டாள். துணியிலிருந்து தண்ணீர் எங்கள் கால்களில் சொட்டியது.

“வராதுக்கா” என்றாள்.

விரிப்பை வாளியில் போட்டாள். துவைகல்லின் காய்ந்த பக்கத்தில் ஈர விரலால் எழுதினாள். “மொத மொழியில க-வுக்குப் பின்னால ச வந்தா சமம். ரெண்டாவதுல ச-வுக்குப் பின்னால க வந்தா சமம். தனித்தனியா ரெண்டுமே சாது. அட்டவணையும் மோதல. சேத்தா என்னாகுது, பாருங்க.”

க ச க ச க ச என்று கல்லின் ஓரம் வரை எழுதிக்கொண்டே போனாள்.

நான் பார்த்தேன். எந்த இடத்திலும் வழிவிடுதல் இல்லை, முந்துதல் இல்லை. எல்லாம் சமம். எங்கே கட்டுத் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. எத்தனை துண்டாக வெட்டிக் கொடுத்தாலும் யாராலும் தன் துண்டில் எதையும் கட்டி முடிக்க முடியாது. இந்த வட்டத்துக்கு நீள எல்லை கிடையாது. நீளத்துக்கு நீளம் தனி விதி வேண்டும், எண்ணிக்கைக்குள் அடங்கும் விதிகளால் இப்படி ஒரு கட்டைப் பிடிக்க முடியாது. சமம் வட்டமாகச் சுற்றி வரக் கூடாது என்பதுதான் பழையவர்கள் போட்ட நிபந்தனை. எங்கள் பெரிய குடும்பத்தில் அது தேவைப்படாது என்று நம்பியிருந்தோம். ஏழாவது வரி அந்த நிபந்தனையைச் சத்தமில்லாமல் பயன்படுத்திவிட்டு, அதைச் சொல்லாமல் போயிருந்தது.

வெயில் ஏற ஏற எழுத்துகள் இடப்பக்கத்திலிருந்து காய்ந்து போயின.

“இதை எப்ப கண்டுபிடிச்சனீர்?”

“அப்பாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப. வராந்தாவுல உக்காந்திருந்தேன். சும்மா போட்டுப் பாத்தேன்.”

“நான் ஊரில இருந்து வெளிக்கிட முதலோ?”

“ஆமா.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அவள் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“சொன்னா நீங்க வந்திருப்பீகளா?”

கோபம் வந்தது. தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் வேகமாக நடந்தேன். மூன்று வருடம். பாடம் முடிந்த பின்னேரங்கள், விடுமுறைகள், உறவினர் கல்யாணங்களுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள். அதெல்லாம் ஒரு துவைகல்லில் காய்ந்துபோயிற்று. மூடுபனி இறங்கி, பாதை எது, செடிகளைக் கவ்வாத்து வெட்டிய இடைவெளி எது என்று தெரியாமல் நின்றேன். கீழே எங்கோ கொழுந்து பறிக்கும் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, “ஏய், அந்தப் பக்கம் அட்டை இருக்கும்டி” என்று யாரையோ எச்சரித்தாள். என் காலைப் பார்த்தேன். இரண்டு அட்டைகள் ஏறியிருந்தன.

அவற்றைப் பிய்த்தெறிந்துகொண்டு நிற்கும்போது அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரிந்தது. வந்திருக்க மாட்டேன். மின்னஞ்சலில் நன்றி சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேறொரு நிறுவலைத் தேடியிருப்பேன். அவள் அப்பா விழுந்ததைக்கூட ஒரு வரியில் விசாரித்திருப்பேன்.

திரும்பி வந்தபோது அவள் அப்பாவைத் தனியாகத் தூக்கி உட்காரவைக்க முயன்றுகொண்டிருந்தாள். நான் மறுபக்கம் போய்த் தோளைப் பிடித்தேன். கனமான மனிதர். “மெல்ல, மெல்லத்தா” என்று அவர் முனகினார். தலையணையைச் சரிசெய்துவிட்டு இருவரும் மூச்சு வாங்கினோம்.

“வந்திருக்க மாட்டன்” என்றேன்.

“தெரியும்க்கா.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் நாங்கள் வேலை செய்தோம். இதற்குத்தானே வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு, உடைந்ததில் எது மிஞ்சும் என்று பார்த்தோம். அவள் ஒன்று சொல்ல நான் மறிப்பேன். நான் சொல்வதை அவள் பாதியிலேயே உடைப்பாள். திரையில் இந்த வேகம் ஒருநாளும் வந்ததில்லை. மரியசெல்வம், “ரெண்டு பேரும் சண்டை போடுறீகளா?” என்று கேட்டார். “இல்லப்பா, கணக்கு” என்றாள். “கணக்குக்கு இம்புட்டுச் சத்தமா?” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் மிஞ்சவில்லை. வட்டம் வரக் கூடாது என்று நிபந்தனை போட்டால் தேற்றம் நிற்கும்; ஆனால் அது மற்றவர்கள் முன்பே காட்டியது. அடைப்புக்குறி மட்டும் கொண்ட சின்னக் குடும்பத்துக்குள் இறங்கிப் பார்த்தோம். அங்கேயும் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு நாள்களைப் போல் மகிழ்ச்சியாக நான் வேலை செய்ததில்லை. அந்த மகிழ்ச்சி இவ்வளவு தாமதமாக வந்தது துக்கமாக இருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. லயத்தில் சிக்னல் கிடையாது. வளைவில் உள்ள குருசடி என்னும் சிறு சிலுவைக் கோயிலுக்கு முன்னால் நின்றால் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரியை அப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு இருவரும் ஏறிப் போனோம். அந்தோணியார் சுரூபத்துக்குக் காலடியில் யாரோ வைத்த மெழுகுவர்த்தி காற்றில் அணைந்து கிடந்தது. போனை உயர்த்திப் பிடித்தபடி அவள் அனுப்பினாள். ‘துணைத்தேற்றம் நான்கு பொய்’ என்று ஆங்கிலத்தில் மூன்றே வரி. கீழே இருவர் பெயர்.

“காலேஜுக்கு இனிமே போகலக்கா” என்றாள், போனை இறக்காமலே. “அப்பா நடக்க மாட்டாகன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கீழ டவுன்ல ஸ்கூல்ல கேட்டிருக்கேன். எட்டாங்கிளாஸ் கணக்கு. எலப்புள்ளி வீட்டையும் காலி பண்ணணும்.”

“அப்ப இந்த வேலை?”

“நீங்க எழுதிப் போடுங்க. நான் தப்புக் கண்டுபிடிக்கிறேன்.”

சிரித்தோம். அது நடக்காது என்று இருவருக்கும் தெரிந்தது. ஆய்விதழிலிருந்து பிறகு வந்த பதில் ஒரே வரிதான்: பெற்றுக்கொண்டோம். ஜெசிந்தா இப்போது ஞாயிறு பூசைக்குப் பிறகு எப்போதாவது குருசடியிலிருந்து கூப்பிடுகிறாள். பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறாள், அப்பாவைப் பற்றிச் சொல்கிறாள். நான் யாழ்ப்பாணத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கூட்டல் பெருக்கலோடு அந்த அட்டவணையைத் தொடங்குகிறேன். வேறு யாரும் இன்னும் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

மலையிலிருந்து நான் புறப்பட்ட அன்று அவளால் பஸ் வரை வர முடியவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டும் நேரம். வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்தாள். அவள் கைகளில் சவர்க்கார வாசனை. “போயிட்டு வாங்க” என்றாள். உள்ளே அவர் கூப்பிட்டார். போனாள்.

குமுளிக்குப் போகும் பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது. இரண்டு வளைவு தாண்டியதும் கூட்டம் ஏறியது. தோளில் துணிப்பையும் கையில் கைக்குழந்தையுமாக ஒரு பெண் என் பக்கத்தில் நின்றாள். மலையாளத்தில் என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. ஓம் என்றேன்.

அவள் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டாள்.

தூங்கிக்கொண்டிருந்த பெண்குழந்தை. தலையில் கம்பளிக் குல்லா. ஒரு கணம் முகத்தைச் சுளித்து, என் கையின் மடிப்பில் கன்னத்தை வைத்து மறுபடி தூங்கிவிட்டது. தாய் இரண்டு கைகளாலும் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, விடுபட்ட தோளை ஒருமுறை சுழற்றினாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பஸ் ஒவ்வொரு வளைவிலும் சாய்ந்தது. நான் முழங்கையை முன் இருக்கையில் முட்டுக்கொடுத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தேயிலை முடிந்து ஏலக்காட்டு நிழல் வந்தது. எதையும் பார்க்கவில்லை. குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமுளியில் அவள் கைகளை நீட்டினாள். கொடுத்தேன். கூட்டத்தில் இறங்கிப் போய்விட்டாள். பஸ் நிலையத்துக் கடையில் நின்று சாயா வாங்கினேன். குடித்து முடிக்கும் வரை, கையின் மடிப்பில் அந்தச் சூடு இருந்தது.